பெட்டிக்கு ரெண்டு கிலோ கழிவு

1

டிக்கோயாவிலிருந்து என் தம்பி போன வாரம் ஒரு படம் அனுப்பினான். தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டுப் புது வீட்டுக்குக் குடிபோகிறார்கள். படத்தில் ஓர் ஆட்டோ. அதன் கூரையில் அலமாரி, அலமாரிக்கு மேல் மெத்தை, மெத்தைக்கு மேல் கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் கதிரைகள். பின்சீட்டில் ஃபிரிட்ஜ், அதைக் கட்டிப்பிடித்தபடி தம்பியின் மாமனார். ஓட்டுகிறவர் எங்கே இருக்கிறார் என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

கூடவே ஒரு கேள்வி: "அண்ணே, மெல்பன்ல இப்புடி ஏத்த வுடுவாங்களா?"

விடமாட்டார்கள் என்று ஒரே சொல்லில் பதில் போட்டிருப்பேன். ஆனால் சில மாதங்களுக்கு முன்னால் நானே ஒரு டிரெய்லரில் பாரம் ஏற்றி, நடுரோட்டில் மாட்டிக்கொண்டு, கட்டிய பெண்சாதியையே அதிகப்படி பாரம் என்று இறக்கிவிட்டு வந்தவன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஊரில் மற்றவர்களும் படிக்கட்டும். யாராவது இங்கே வந்து டிரெய்லர் இழுப்பதாக இருந்தால் உதவும்.

2

எங்களுக்கு ஒரே மகள், நிவேதா. ஊரிலிருந்து மூன்று வயதில் இங்கே தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை. படித்து முடித்ததும் மில்டூரா என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை கிடைத்தது. மில்டூரா எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு பகல் முழுக்க ஓட வேண்டிய தூரம். மெல்பனில் பள்ளிக்கூடமே இல்லையா என்று என் மனைவி சரசு கேட்டாள். இருக்கிறது, ஆனால் எனக்கு அங்கேதான் போக வேண்டும் என்றாள் மகள். ஏன் என்று கேட்டதற்கு அவள் இங்கிலீஷில் சொன்ன பதிலைத் தமிழில் சொன்னால், எனக்குக் கொஞ்சம் காற்று வேண்டும் என்று வரும்.

அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் என் வழியாகப் பேசிக்கொண்டார்கள். "அந்தப் புள்ளைய சாப்புட வரச் சொல்லுங்க." "அப்பா, எனக்குப் பசிக்கலன்னு சொல்லுங்க." மேசையின் இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, நடுவில் நான் தபால்காரன் மாதிரி. இந்த நிலையிலேயே மகள் வீட்டை விட்டுப் போய்விடுவாளோ என்பதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. அப்படிப் பிரிந்தால் தொலைபேசியில் அதைச் சரிசெய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும்.

சாமான்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு மட்டும் மகள் சம்மதித்தாள். அதற்கும் நிபந்தனை உண்டு. அவள் தன் சின்னக் காரில் தனியாக வருவாள். நாங்கள் எங்கள் காரில் டிரெய்லரோடு பின்னால் வரலாம். சாமானை இறக்கிவிட்டு மறுநாளே திரும்பிவிட வேண்டும்.

சரசு அன்றைக்கே பெட்டி கட்ட ஆரம்பித்தாள்.

3

டிரெய்லரை இரவல் கொடுத்தவர் நிஸாம் நானா. ஹட்டன் டவுனில் அவருடைய வாப்பாவுக்குச் சில்லறைக் கடை இருந்தது. இங்கே நானாவுக்கு மசாலாக் கடை இருக்கிறது, கடைக்கு ஒரு பெட்டி டிரெய்லரும் இருக்கிறது. அதைக் கையால் தட்டிக் காட்டி, "இதுல எதையும் ஏத்தலாம் தம்பி, மாட்டக் கூட ஏத்தலாம்" என்றார். ஆனால் நான் வெல்டிங் தொழிலாளி. அந்த வேலையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த நாட்டுக்கே வந்தேன். இரும்பைப் பற்றி யார் சொன்னாலும் சட்டென்று நம்பமாட்டேன்.

இந்த நாட்டில் ஒவ்வொரு டிரெய்லருக்கும் ஒரு சாதகக் குறிப்பு உண்டு. முன்பக்கத்தில் சின்னத் தகடாக அடித்திருப்பார்கள். பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் மொத்தம் எழுநூற்றைம்பது கிலோவுக்கு மேல் போகக் கூடாது. இதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுவது. எழுநூற்றைம்பது கிலோ சாமான் ஏற்றலாம் என்று நினைத்துவிடுவார்கள். அப்படியல்ல. அந்தக் கணக்கில் டிரெய்லரின் சொந்த எடையும் சேர்த்தி. நானாவின் டிரெய்லர் வெறுமையாகவே இருநூற்றைம்பது கிலோ. மிச்சம் ஐந்நூறுதான் நம்முடையது.

அது முதல் கணக்கு. இரண்டாவது கணக்கு காருடையது. கார் தன் முதுகில் இவ்வளவுதான் சுமக்கலாம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. ஆட்கள், பின்சீட்டுச் சாமான், டிரெய்லரின் மூக்கு கொக்கியில் அழுத்துகிற பாரம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மூன்றாவது கணக்கு காரும் டிரெய்லரும் சேர்ந்தது. பாரத்தை டிரெய்லரின் பின்பக்கம் குவித்தால் ஓடும்போது வாலாட்டும். முன்பக்கம் குவித்தால் காரின் பின்பக்கம் குந்திக்கொள்ளும். இதையெல்லாம் நான் சரசுவுக்குப் பொறுமையாக விளக்கினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "சரிங்க, ஐநூறு. அவ்வளவுதானே?" என்றாள்.

குளியலறைத் தராசைக் கராஜுக்குக் கொண்டு வந்தோம். சரசு ஒவ்வொரு பெட்டியாக நிறுத்து எடையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், நான் தொலைபேசியில் கூட்ட வேண்டும். அரிசி மூட்டை, பருப்பு, மாசிச் சம்பல் போத்தல்கள், இடியப்ப உரல், மூன்று போர்வை, வெயிலுக்குப் பேர்போன ஊருக்கு நான்கு கம்பளிச் சட்டை. கட்டிலையும் மேசையையும் தவிர்த்து முப்பத்தைந்து பெட்டிகள். மகள் கேட்டது ஆறு.

எல்லாம் கூட்டி நானூற்று எண்பது கிலோ வந்தது. இருபது கிலோ மிச்சம். எனக்கு அப்படியொரு பெருமை. நிஸாம் நானாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

4

நம்ம ஊரில் டிரெய்லருக்கு வரம்பே இல்லை என்று நினைக்காதீர்கள். இருந்தது. டிராக்டரின் முன்சக்கரம் மேலே தூக்கினால் பாரம் அதிகம் என்று அர்த்தம்.

எங்கள் கல்யாணத்தில் அப்படித்தான் நடந்தது. சரசு கொத்மலைப் பக்கத்துத் தோட்டம். கல்யாணம் முடிந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் வேன் எங்கள் தோட்டத்து அடிவாரம் வரைக்கும் கொண்டு வந்து விட்டது. அதற்கு மேல் வேன் ஏறாது. தோட்டத்து டிராக்டர் பெட்டியை அனுப்பினார்கள். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், சீர் சாமான், பீரோ, ரேடியோ செட், மேளக்காரர்கள், எல்லாம் ஒரே பெட்டியில். இரண்டாவது வளைவில் முன்சக்கரம் இரண்டும் குதிரை மாதிரி எழும்பின. பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் சாமி பெயரைச் சொன்னார்கள்.

டிரைவர் முத்தையா அண்ணன் திரும்பிப் பார்த்து, "யாராச்சும் நல்ல கனமான ஆளா ரெண்டு பேரு முன்னுக்கு வாங்க!" என்றார். அந்தக் காலத்தில் நான் கொஞ்சம் சதைப்பிடிப்பான ஆள். எல்லாரும் என்னைக் காட்டினார்கள். பட்டு வேட்டியும் மாலையுமாக நான் ஒரு பக்க மட்கார்டில், என் மாமா மறுபக்க மட்கார்டில். கல்யாணப் பெண் பின்னால் பீரோவுக்குப் பக்கத்தில். வீடு போய்ச் சேருமட்டும் நான் என் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் எல்லாரும் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அதில் அவள் சத்தமும் இருந்ததா என்று இத்தனை வருஷமாகக் கேட்கிறேன், சொல்ல மாட்டேன் என்கிறாள்.

சரசுவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். அந்தத் தோட்டத்தில் சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் அவள் குரல்தான் முதலில் கேட்குமாம். கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்து எடை சொல்வார். சொன்ன கையோடு சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று சில கிலோவைக் கழித்துவிடுவார். மழையே பெய்யாத நாளிலும் ஈரக் கழிவு உண்டு. மற்றப் பெண்கள் முணுமுணுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சரசு மட்டும் கூடையைத் தலைகீழாக உதறிக் காட்டி, "தண்ணி எங்கங்கய்யா? ஒரு சொட்டு காட்டுங்க பாப்பம்" என்று நிற்பாளாம். பெண் பார்க்கப் போனபோதே அந்தத் தோட்டத்தில் என் காதில் போட்டு அனுப்பினார்கள். பொண்ணு நல்ல பொண்ணு, ஆனா தராசு பக்கம் மட்டும் கூட்டிப் போயிராதீங்க என்று.

5

புறப்பட்ட அன்று விடியற்காலையிலிருந்தே மழை. தார்ப்பாய் போட்டுக் கட்டியும் மெத்தை நனைந்தது. மகளின் கார் முன்னால், நாங்கள் பின்னால். அவள் காரின் பின்சீட்டு முழுக்க அவளுடைய சைக்கிளும் செடிகளும் உடுப்புகளும். முன்சீட்டு காலி. எங்கள் கார் பின்சீட்டிலோ சரசுவின் இரண்டாவது தவணைச் சாமான்கள் கூரை முட்ட இருந்தன.

நகரம் தாண்டி ஒரு நீண்ட ரோட்டில் மஞ்சள் அங்கி போட்ட அதிகாரி ஒருவர் கையைக் காட்டினார். டிரெய்லர், கேரவன் இழுக்கிறவர்களை ஓரம் கட்டி எடை பார்க்கிறார்கள். சிவப்புத் தாடி, ஆறடிக்கு மேல் உயரம். எனக்கு யூனிஃபோமைக் கண்டால் இன்னும் பழைய பழக்கம் விடாது. கண்ணாடியை இறக்கியதும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "யெஸ் மாத்தயா." சிங்களத்தில் ஐயா என்று அர்த்தம். நல்லவேளை, அவருக்குச் சிங்களம் தெரியாது.

தட்டையான தராசுத் தட்டுகளைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். என் கணக்கில் எழுநூற்று முப்பது. கராஜில் ஒவ்வொன்றாக நிறுத்தோம் என்று அவரிடம் பெருமையாகவும் சொல்லி வைத்தேன். அவர் சின்னத் திரையைப் பார்த்தார். எண்ணூற்று முப்பது.

"நூறு கிலோ எங்கேர்ந்து வந்துச்சி?" என்று சரசுவைப் பார்த்தேன்.

"மழைங்க. மெத்த ஊறிப்போயிருக்கும்."

"மழையில நூறு கிலோ ஏறுமா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்க கழிச்சீங்களா?"

"என்னத்தக் கழிக்க?"

"நான் கழிச்சித்தானே சொன்னேன். பெட்டிக்கு ரெண்டு கிலோ."

நான் ரோட்டோரத்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவள் ஏமாற்றவில்லை. தராசில் பதினெட்டு என்று காட்டினால் அவள் வாய் பதினாறு என்றுதான் சொல்லும். எடை என்றாலே கழித்தது போக உள்ளதுதான் என்று நாக்கு பழகிவிட்டது. எந்தக் கழிவை எதிர்த்து மடுவத்தில் தொண்டை வறளக் கத்தினாளோ, அதையே முப்பத்தைந்து பெட்டிக்கும் தானே கழித்து வைத்திருக்கிறாள். எழுபது கிலோ அங்கே போயிற்று, மிச்சம் மழை. அங்கே ஈரத்தைக் கழித்தார்கள், இங்கே ஈரத்தையும் சேர்த்து நிறுக்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

மகளும் காரை நிறுத்திவிட்டு வந்தாள். "என்னாச்சி அப்பா? அம்மா என்ன ஏத்துனாங்கன்னு கேளுங்க."

"நான் கேக்கத் தேவையில்ல. பின்னுக்கு நிக்கிறாங்க, நீயே கேளு."

கேட்கவில்லை. டிரெய்லரிலிருந்து எண்பது கிலோவை எடுத்து எங்கள் காரின் டிக்கியில் அடைத்தோம். இப்போது டிரெய்லர் சரி. ஆனால் இரண்டாவது கணக்கு உதைத்தது. காரை எடை போட்டுப் பார்த்தால் அது தன் வரம்பைத் தாண்டி நிற்கிறது. அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சரசு டிரெய்லருக்கு அந்தப் பக்கம் தார்ப்பாயைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள். மகள் தன் காரில் சாய்ந்துகொண்டு தொலைபேசியை நோண்டிக்கொண்டிருந்தாள்.

"பெரிய பிரச்சினை இல்லை" என்றார். "இரண்டு பெட்டியை எடுத்து உங்கள் மகளின் முன்சீட்டில் வைத்துவிடுங்கள். போய்விடலாம்."

எனக்குச் சட்டென்று முத்தையா அண்ணன் ஞாபகத்துக்கு வந்தார்.

"இரண்டு பெட்டிக்குப் பதிலாக ஓர் ஆள் மாறினாலும் சரியாகுமா?" என்று கேட்டேன்.

அவர் சரசுவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், அவர்களுக்கு நடுவே இருந்த தூரத்தையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். தாடியைத் தடவினார். "தராசுக்கு அரிசியும் ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த அம்மா எவ்வளவு எடை இருப்பார்?" என்றார்.

"அதை மட்டும் நான் வாயால் சொல்ல மாட்டேன். எப்படியும் இரண்டு பெட்டிக்குக் குறையாது."

அவர்களிடம் போய் நீதிமன்றத் தீர்ப்பு வாசிக்கிற குரலில் சொன்னேன். "கார்ல ஆள் கூடிப்போச்சாம். ஒரு ஆள் நிவி கார்ல ஏறணுமாம். சட்டம்."

"ரெண்டு பெட்டிய எடுத்து என் சீட்ல வெச்சா போதாதா?" என்றாள் மகள். கெட்டிக்காரி. என் பிள்ளை.

"பெட்டி ஆகாதாம். ஆள்தான் எறங்கணுமாம். வேணும்னா அந்த ஆளுகிட்டயே கேளு."

அவள் அவரைப் பார்த்து இங்கிலீஷில் அதையே கேட்டாள். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு மிகவும் துக்கமாகத் தலையை ஆட்டினார். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் எனக்காகப் பொய் சாட்சி சொன்னது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. ஆண்டவன் அவருக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

சரசு தராசுப் பக்கம் திரும்பிச் சண்டை போடுவாள் என்று நான் காத்திருந்தேன். அவளோ கைப்பையை எடுத்துக்கொண்டாள். என்னைத் தாண்டிப் போகும்போது மட்டும், "அன்னைக்கு ஒங்கள எறக்குனாங்க, இன்னைக்கு என்னைய. சரியாப் போச்சி" என்று முணுமுணுத்தாள். மகளின் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

6

இந்த முறை நான் முன்னால், அவர்கள் பின்னால். டிரெய்லர் இழுக்கிறவன் பக்கக் கண்ணாடியை அடிக்கடி பார்க்க வேண்டும் என்பது விதி. நான் விதிக்கு மேலாகவே பார்த்தேன். வெகுதூரம் இரண்டு பேரும் மரக்கட்டை மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் சரசுவின் கை ஒன்று எழும்பியது. பிறகு மகளின் கை. ஸ்டியரிங்கைப் பிடி என்று நான் இங்கே கத்தினேன். சண்டைதான். நல்ல பலமான சண்டை. மூன்று வாரமாக என் வழியாகப் போன தபாலெல்லாம் நேராகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கண்ணும் கலங்கியது, அதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

பெட்ரோல் அடிக்க நிறுத்தியபோது மகள் இரண்டு தேநீர்க் கோப்பைகளோடு கடையிலிருந்து வந்தாள். ஒன்று அவளுக்கு, ஒன்று அம்மாவுக்கு. எனக்கு இல்லை. நான் புகார் சொல்லவில்லை.

மில்டூராவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சாமான் இறக்கத் தொடங்கியதுமே மகள் நேராக என்னிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அப்பா, அம்மா பறிச்ச கொழுந்தில டெய்லி மூணு கிலோ எடுத்துட்டாங்களாமே? மழையே இல்லாம மழைக்குன்னு?"

"எடுக்கல்லம்மா. கழிச்சாங்க."

"அது களவு அப்பா."

நான் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தேன். நாங்கள் எத்தனையோ பேர், எத்தனையோ காலமாக, அதற்குக் கழிவு என்று மரியாதையாகப் பேர் வைத்திருந்தோம். இந்தப் பிள்ளைக்கு மடுவம் என்றால் என்னவென்று காலையில் தெரியாது. அம்மா கொழுந்து எடுத்தவள் என்று தெரியும், அவ்வளவுதான். நாங்களும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. இப்போது அந்தக் கணக்கப்பிள்ளையின் பேரைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். கிடைத்தால் இன்றைக்கே கொத்மலைக்குப் போய்ச் சண்டை போட்டுவிடுவாள் போலிருந்தது. சரசு பின்னால் இடியப்ப உரலைக் கையில் வைத்துக்கொண்டு, மகளையே பார்த்தபடி நின்றாள்.

மறுநாள் திரும்பியாக வேண்டும் என்ற நிபந்தனையை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. அந்த வாரம் முடியும்வரை இருந்தோம். புறப்படும்போது மகள் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. முப்பத்தைந்து பெட்டியில் ஒன்றையும் திருப்பி அனுப்பவில்லை.

வரும் வழியில் டிரெய்லர் வெறுமையாக, லேசாகத் துள்ளிக்கொண்டு வந்தது. சரசு என் பக்கத்தில் இருந்தாள். எடை பார்த்த இடத்தைக் கடந்தபோது, இனி மறைத்து என்ன என்று உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். "சரசு, அன்னைக்கு அந்த ஆளு..."

"ரெண்டு பெட்டி மாத்துனா போதும்னு சொன்னாரு. தெரியும். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம்தானே நின்னேன், காது கேக்காதா?"

கார் ஒரு கணம் வாலாட்டிவிட்டது. "அப்புறம் ஏன் சண்ட போடாம எறங்கிப் போன?"

அவள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சிரிப்பை அடக்கிய குரலில் சொன்னாள்:

"தராசு புடிக்கிறவங்கள எதுத்துப் பேசி எனக்குப் பழக்கமே இல்லீங்களே."